புளி போட்டுத் துலக்கிய முகம்

ராசிபுரத்துக்கு மேற்கே கண்ணாத்தாள் கையில் அகப்பட்ட பாத்திரம் எதுவும் தப்பித்ததாகச் சரித்திரமே இல்லை. வெள்ளிக்கிழமை விடிந்தால் புளியும் சாம்பலுமாக உட்கார்ந்துவிடுவாள். சாமி அறையில் இருந்த செம்புத் தகட்டுக்கும் அதே கதிதான். நெஞ்சில் ஏழு கத்தி பாய்ந்த ஒரு பெண்ணை அதில் கோடு கோடாக வரைந்திருந்தது. மாமனாரின் தாத்தா ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரிடம் வண்டியோட்டியவர்; பாதிரியார் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. ஏழுகத்தியம்மன் என்று வீட்டார் கும்பிட்டார்கள். அவள் யார், என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

மகன் சிவபிரகாஷ் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்ப் பிணமாக வந்து இரண்டு வருஷம். கண்ணாத்தாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றது ஊர். ஊருக்கென்ன, பேசிவிட்டுப் போய்விடும். மகள் தனப்பிரியாதான், அழாமலே அம்மா உள்ளுக்குள் புழுங்கிச் செத்துவிடுவாளோ என்று பயந்தாள்.

சென்னையில் ஓவியம் படிக்கும் அவளுக்கு, தகட்டின் ஓரத்தில் எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருந்தது இந்த விடுமுறையில்தான் உறைத்தது. அட, இது அச்சுத் தகடு! அமிலம் அரித்த கோடுகளில் மை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் விழும். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் பிரான்சில் வீட்டுச் சுவரில் ஒட்டிக் கும்பிட்ட மாதா. ஏழு கத்தியும் ஏழு துக்கம். மகனைப் பறிகொடுத்த தாய். அந்த முகத்தைத் தெளிவாகப் பார்த்தாலாவது அம்மா அழுதுவிடமாட்டாளா? விவரம் சொல்லாமல், கெஞ்சிக் கூத்தாடித் தகட்டைச் சென்னைக்கு வாங்கிப்போய் அச்செடுத்து வந்தாள்.

காகிதத்தில் ஏழு கத்தியும் கூராக விழுந்திருந்தன. முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. கத்திகள் ஆழமான கோடு. முகமோ மயிரிழைக் கோடு, புளிக்குத் தாங்கவில்லை. தனப்பிரியாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவளும் மகனைச் சாகக் கொடுத்தவள், இவள் முகத்தை இப்படியா தேய்ப்பது என்று அம்மாவிடம் கேட்டேவிட்டாள்.

கண்ணாத்தாள் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். வாக்கப்பட்டு வந்த நாளில் அந்தக் கன்னத்தில் மூன்று கண்ணீர்த் துளி இருந்ததாம். வீட்டுச் சாமி அழுதால் குடும்பம் விளங்காது என்று வாராவாரம் கட்டைவிரலால் அதைத்தான் அழுத்தித் தேய்த்தாளாம்.

"அவ பையன் செத்ததுக்குத்தான் அழுதாளா சாமி?"

தனப்பிரியா ஆமென்று தலையாட்டினாள்.

"அது தெரியாம, இருவத்தாறு வருசமா அவளை அழுகவே விடலையே நானு."

வெள்ளையாய்க் கிடந்த அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தாள். பழக்க தோஷம், ஒரு தடவை தேய்த்தும்விட்டாள். பிறகு மகன் பேரைச் சொல்லி வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். காகிதம் நனைவதைத் தனப்பிரியா தடுக்கவில்லை.