மைக்கு அடியில் கிடந்த தபால்

சிசுயோவுக்கு வெட்கம் வந்தால் முகம் சிவக்காது, காதுதான் கொதிக்கும். புத்தாண்டு காலையில், ஜப்பானின் தோயாமா நகரத்துக் காலி பஸ்ஸில், அவள் இரண்டு காதையும் கம்பளித் தொப்பிக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் அந்த ஆல்கஹால் மையால் வந்த வினை. இந்த வருஷம் வாழ்த்து அட்டைகளைக் கடையில் வாங்கப்போவதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாள். வழுவழுப்பான தாளில் சிவப்பையும் பொன்னிறத்தையும் சொட்டவிடுவாள், தலை உலர்த்தும் மிஷினால் ஊதுவாள், சாயம் தானாக ஓடிப் பூவாக விரியும். அப்படி முப்பத்திரண்டு அட்டை செய்தாள். அந்த மும்முரத்தில் நவம்பரில் வந்த ஒரு தபாலைக் கவனிக்கவில்லை. மேஜையில் மை படாமல் இருக்கக் கைக்குக் கிடைத்ததை அடியில் வைத்தாள், அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் வருஷக் கடைசி வீடு துப்புரவில்தான் அதைத் திருப்பிப் பார்த்தாள். சாம்பல் கரை போட்ட அட்டை. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள், எங்களுக்கு இந்த வருஷம் வாழ்த்து வேண்டாம் என்று முன்கூட்டியே அனுப்புகிற அட்டை. ஃபுகிகோவின் கணவர் தகெனோபு அக்டோபரில் காலமாகிவிட்டார், வீட்டோடு காரியத்தை முடித்துவிட்டோம் என்றிருந்தது. முப்பது வருஷம் ஒரே மருந்துக் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த ஃபுகிகோ. அவளுக்குத்தான் இருப்பதிலேயே பளபளப்பான அட்டையைப் பொறுக்கி அனுப்பியிருந்தாள் இந்தப் புண்ணியவதி.

வாழ்த்து அட்டைகளைப் புத்தாண்டு காலையில்தான் வீடு வீடாகப் போடுவார்கள். தபால்காரன் போடுகிற அட்டையை, ஃபுகிகோ கண்ணில் படுமுன் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். திருட்டுத்தான். செய்ததற்கு இது தேவலை என்று நினைத்துக்கொண்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி, ஃபுகிகோ வீட்டு வாசலில் இருந்த தபால் பெட்டிக்குள் கையை விட்டாள். காலி. வாசல் கதவு திறந்தது.

"என்னடி, புத்தாண்டும் அதுவுமா என் வீட்டுப் பெட்டியைத் துழாவுற?" என்றாள் ஃபுகிகோ. மெலிந்துபோயிருந்தாள். "தபால்காரன் அப்பவே வந்துட்டுப் போயிட்டான். உள்ள வா, குளிருது."

பூஜை அலமாரியில் தகெனோபுவின் படம். அதன் முன்னால் சிசுயோவின் அட்டை, சிவப்பும் பொன்னுமாகக் கல்யாண வீடு மாதிரி நின்றது. சிசுயோவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"முகவரியில அவர் பேரையும் எழுதியிருக்க, என் பேருக்கு முன்னால," என்றாள் ஃபுகிகோ. "இந்த வருஷம் அவருக்கு வந்த கார்டு இது ஒண்ணுதான். அதான் அவர்கிட்டயே வெச்சுட்டேன்."

"ஃபுகிகோ, நான் உன் தபாலைப் படிக்கவே இல்லடி." சிசுயோ பையிலிருந்து அந்தச் சாம்பல் கரை அட்டையை எடுத்து நீட்டினாள். மை ஊறி, பாதி எழுத்து சிவப்புக்குள் போயிருந்தது. "மைக்கு அடியில போட்டுட்டேன். நேத்துதான் பார்த்தேன். உன் கண்ணுல படுறதுக்குள்ள திருடிட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

ஃபுகிகோ அதை வாங்கி, சிவப்புக்கு அடியில் கணவரின் பெயரை விரலால் தேடினாள்.

"அப்போ உனக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

"நான் ஒரு மாசமா ஞாயித்துக்கிழமை தோறும் உனக்குப் பிடிச்ச அரிசி முறுக்கை வாங்கி வெச்சுட்டுக் காத்திருந்தேன்," என்றாள் ஃபுகிகோ. "நீ ஊதுபத்தி ஏத்தவாவது வருவேன்னு. வரலை. சரி, இவளும் நம்மளை வேண்டாம்னு விட்டுட்டான்னு நெனச்சுக்கிட்டேன்."

சிசுயோ ஊதுபத்தியை எடுத்தாள். நகக்கண்ணில் இன்னும் சிவப்புச் சாயம் இருந்தது. இரண்டு தீக்குச்சி அணைந்துபோனது. மூன்றாவதை ஃபுகிகோதான் கிழித்துக் கொடுத்தாள்.