எட்டாம் தடத்தின் கடைசி நிறுத்தம்

மார்ச் பதினான்காம் தேதி, காலை பத்து நாற்பது. தூறல் விட்டும் விடாமலும் இருந்தது. அக்காவின் உடலைக் கூடத்தில் கிடத்தியாயிற்று. தம்பி அவளுடைய அறை அலமாரியிலிருந்து, கறுப்புத் துணி போர்த்திய கண்ணாடித் தட்டை எடுத்துக்கொண்டிருந்தான்.

அவள் சளிப்பூஞ்சை ஆராய்ச்சியாளர். மூளையில்லாத அந்த மஞ்சள் உயிர், இரையுள்ள புள்ளிகளைக் குறுகிய வழிகளால் இணைத்துக்கொண்டு, பயன்படாத கிளைகளைச் சுருக்கிக்கொள்ளும். அவன் பேருந்து நிறுவனத்தில் தடம் வகுப்பவன். மேட்டுக் குடியிருப்பு வரை ஓடும் எட்டாம் தடத்தைப் பாலத்தோடு நிறுத்துவதா வேண்டாமா என்று இன்று அவன் முடிவெழுதிக் கையெழுத்திட வேண்டும். மேட்டில்தான் அக்காவின் வீடு.

போன வாரம், நிறுத்தத்தான் வேண்டும் என்று அவன் வாதாடியபோது, "நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம், இதுவே சொல்லட்டும்" என்று பூஞ்சைத் தட்டைக் காட்டி, இடுக்கியை அவனிடம் நீட்டியிருந்தாள். தட்டில் தட வரைபடத்தின்படி, நிறுத்தத்துக்கு ஓர் ஓட்ஸ் துணுக்காக இரை வைத்தவன் மேட்டை மட்டும் விட்டுவிட்டான்.

"அங்க ஏண்டா வெக்கல?"

"ஏறுறதே நீ ஒருத்திதான். உனக்கெதுக்கு ஓட்ஸ்?"

"தலை நரைச்சும் திமிர் போகல பாரு" என்று சிரித்தாளே தவிர, தானும் வைக்கவில்லை.

துணியை விலக்கினான். தடித்த மஞ்சள் நாளங்கள் பாலத்தோடு நின்றிருந்தன. அவன் வகுத்த வரைபடமேதான். பாலத்திலிருந்து மேடு வரை மட்டும், நத்தை ஊர்ந்து காய்ந்தாற்போல் ஒரு மெல்லிய மினுமினுப்பு. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

"உயிரோட இருக்கா அது?" அக்காவின் கணவர் கதவருகே நின்றிருந்தார்.

"இருக்கு மாமா."

"நேத்து அதுக்குத் தண்ணி தெளிச்சிட்டுதான் படுத்தா. 'தம்பி ஜெயிச்சுட்டான், வந்தா குதிப்பான்'னா. காலைல எழுப்பினேன், எழுந்திரிக்கல."

தம்பி துணியை மறுபடி போர்த்தினான்.

நிறுவன மேலாளர் நனைந்த காலணிகளோடு வந்தார். கூடத்தில் சற்று நின்றுவிட்டு, அவனை ஓரமாக அழைத்தார்.

"துக்க வீட்டுல கேக்கவே கூசுது. அட்டவணை நாளைக்கு அச்சுக்குப் போகுதுப்பா."

"பரவால்ல சார். எதுல வந்தீங்க?"

"எட்டுலதான். மேட்டுல இறங்கினது நான் ஒருத்தன்தான்."

அவர் நீட்டிய உத்தரவுத் தாளை அவன் சுவரில் வைத்து இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டான். மேலாளர் எட்டிப் படித்தார்.

"மேடு வரைக்கும் தொடரணுமா? நிறுத்தியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீதானே? இனி ஏறவும் ஆள் இல்லையேப்பா."

"ஆமா சார்."

பேனாவை மூடிவிட்டுத் தாளை நீட்டினான். தூறலில் நனையாதிருக்க, மேலாளர் அதை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.