வளைவில் கிடந்த கல்

1

"எடீ அஞ்சு, உங்க அப்பா அந்தக் கல்லை எடுத்தாரா இல்லையா?"

கேட்டவள் ஆர்ஷா. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். ஆரியசாலையில் காய்கறிக் கடை முன்னால் வழிமறித்துக் கேட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கினேன். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். (நான் ஏன் பத்தாம் வகுப்போடு நின்றேன் என்று கேட்காதீர்கள். அதற்கும் கோபம் வேண்டும். இருப்பதெல்லாம் இதற்கே போதவில்லை.)

முதல் வரி இப்படி இருந்தது: "மூடுபனி தவழும் மலைப்பாதையில், கனத்த இதயத்தோடு ஒரு லாரி..."

அடித்துவிட்டேன். அன்றைக்குப் பனியே இல்லை. கனமாக இருந்தது இதயமும் அல்ல, அரிசி.

2

என் அப்பா ராஜையனுக்குச் சொந்த லாரி இருக்கிறது. சொந்த லாரி என்றதும் அவரே முதலாளி என்று நினைத்திருப்பீர்கள். நானும் சின்ன வயதில் நினைத்தேன். லோடு கொடுப்பவர் அரிசி மண்டி குற்றாலலிங்கம். அவர் ஏற்று என்றால் ஏற்ற வேண்டும். அன்றைக்கு ஏற்றியது வண்டி தாங்குவதைவிட அதிகம். விதுரா தாண்டி போனக்காடு எஸ்டேட்டுக்கு ஏறும் வளைவில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. பின்சக்கரத்துக்கு அப்பா ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். சூடு ஆறியதும் ஏறிப் போனார்.

அன்றைக்கே பிறகு அதே வளைவில், ஆர்ஷாவின் அண்ணன் ஷைஜு பைக்கோடு ஒரு கல்லில் மோதி விழுந்தான். எஸ்டேட் வீடுகளின் கூரையில் ஏறி டிஷ் ஆண்டெனா மாட்டுகிறவன். இப்போது முட்டி நொறுங்கிக் கட்டிலில் கிடக்கிறான். அப்பா வண்டி அங்கே நின்றதை எஸ்டேட்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

"நம்ம வச்ச கல்லாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"சோறு போடு எலிசா" என்றார் அப்பா.

3

(லாரி ஓட்டாதவர்களுக்கு ஒரு குறிப்பு. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.)

சரிவில் நிற்கிற லோடு வண்டியில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. சக்கரத்துக்கு முட்டு வேண்டும். கிளீனர் இருந்தால், வண்டி நகர்ந்ததும் முட்டுக்கட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வந்து ஏறிக்கொள்வான். தனியாக ஓட்டுகிறவர் என்ன செய்வார்? வண்டியை நகர்த்திவிட்டு மறுபடி அங்கே நிறுத்த முடியாது, பின்னால் உருளும். அதனால் அப்பா மரக்கட்டை வைத்திருந்தார். ஒரு கயிற்றால் அதை வண்டியின் அடியில் கட்டியிருப்பார். வண்டி ஏறினால் கட்டையும் இழுபட்டுக் கூடவே வரும். கல் வராது. கல்லை எடுக்க, சமதரை வரைக்கும் ஏறி, வண்டியை நிறுத்தி, வளைவுக்கு இறங்கி நடந்து வர வேண்டும்.

அப்படியானால் அன்றைக்குக் கட்டை எங்கே?

4

மண்டிக் கிட்டங்கியில், அதாவது குடோனில். கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது என்று, லோடு ஏற்றும்போது கயிற்றை அறுத்துக் கட்டையை எடுத்துக் கதவுக்கு அண்டை கொடுத்துவிட்டார்கள். நான் அப்பாவுக்குச் சோறு கொண்டு போனபோது பார்த்தேன். அறுந்த கயிறு வால் மாதிரி தொங்கியது. அப்பா கட்டையைக் கேட்டார்.

"மரத்துண்டுக்காவா வே லேட்டாக்குதீரு? போற வழியில கல்லா இல்ல?" என்றார் குற்றாலலிங்கம்.

போற வழியில கல்லா இல்ல. இதைத் தலைப்பாக வைக்கலாம் என்று யோசித்தேன். அவர் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை தர மனம் வரவில்லை.

5

இப்போது என் சிக்கல். அப்பாவை எப்படி எழுதுவது?

ஒரு வடிவத்தில் அவர் சமதரையிலிருந்து இறங்கி வந்து கல்லை ஓடையில் தள்ளுகிறார். ஷைஜு மோதியது வேறு எவனோ வைத்த கல். அழகாக வந்தது. நான்கு பக்கம். படித்தால் என் அப்பா மாதிரியே இல்லை.

இன்னொன்றில் அவர் இறங்கி வருகிறார், பாதி வழியில் போன் அடிக்கிறது. "எங்க வே நிக்கீரு?" அவர் திரும்பி

(இதை முடிக்க முடியவில்லை.)

மூன்றாவதில் அவர் திரும்பியே பார்க்கவில்லை. அதை எழுதிய தாளைக் கிழித்தேன். கிழித்தது அப்பா மேலுள்ள பாசத்தாலா, கோபத்தாலா என்று எனக்கே தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவர்.

6

நேற்று மாலை குற்றாலலிங்கம் காரில் வந்தார். எங்கள் சந்து சரிவானது. காரை வாசலிலேயே நிறுத்தினார். கையில் புதுக் கட்டை, மஞ்சள் பெயின்ட், புது நைலான் கயிறு.

"யாரு கேட்டாலும் இது அன்னைக்கே வண்டியில கெடந்துதுன்னு சொல்லும். கல்லே வைக்கலன்னு முடிஞ்சுரும். ஓவர்லோடுப் பேச்சும் வராது. லோடு அது பாட்டுக்கு வரும்."

அப்பா கட்டையைக் கையில் வாங்கினார். கனம் பார்த்தார். அவர் வாங்கியதைப் பார்த்து எனக்குப் பற்றி எரிந்தது.

அப்போதுதான் ஆர்ஷா வந்தாள். படியில் செருப்போடு நின்றாள்.

"அங்கிள், ஷைஜு சேட்டன் கேட்கச் சொன்னான். அவனுக்குக் காசொண்ணும் வேண்டா. கல்லு உங்களுதா, நீங்க எடுத்தீங்களா, அதை மட்டும் அவன்கிட்ட வந்து சொல்லணுமாம்."

"கல்லு ஏதும்மா? இந்தா கட்டை இருக்குல்லா, அன்னைக்கும் இதானே" என்றார் குற்றாலலிங்கம்.

"அது இன்னைக்கு வந்தது" என்றேன்.

என் குரல்தான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்று அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

7

முடிவுக்காகக் காத்திருக்கிறீர்கள். அப்பா கல்லை எடுத்தாரா? சொல்லமாட்டேன். அந்தப் பதில் முதலில் போய்ச் சேர வேண்டியது கட்டிலில் கிடக்கிற ஒருவனுக்கு. அவனுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிய என்ன அவசியம்? ஓடை, போன், திரும்பிப் பார்க்காத முதுகு, மூன்றும் மேலே கிடக்கின்றன. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்தது உங்கள் பொறுப்பு.

நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்பா சட்டையை மாட்டினார். கட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு இறங்கினார். குற்றாலலிங்கத்தின் கார்ச் சக்கரத்துக்கு அடியில், சரிவுப் பக்கம், அதை வைத்தார். லாரிக்கு வைக்கும்போது செய்வது போலவே குதிகாலால் உதைத்து இறுக்கினார். "என்னவே செய்யுதீரு?" என்று கேட்டவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. லாரிச் சாவி ஆணியிலேயே தொங்கியது. ஆர்ஷா ஒதுங்கி வழி விட்டாள். அவளைத் தாண்டி, அவள் வீடு இருக்கிற திசையில் நடந்து போனார்.