நான் இட்டுக்கட்டிய ஏழாம் பயிற்சி

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பதியர் சேர்ந்து செய்யும் தியானம் பற்றி ஒரு மாத இதழில் தொடர் கேட்டார்கள். பத்துப் பயிற்சிகள், நெருக்கமும் கூட வேண்டும், பக்கமும் நிரம்ப வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தாளத்தில் மூச்சு விடுவது, முதுகோடு முதுகு சாய்ந்து மௌனமாக இருப்பது என்று ஆறு பயிற்சிகளை அங்கே இங்கே படித்துத் தேற்றினேன். ஏழாவதற்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. நானே இட்டுக்கட்டினேன்: 'ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மறு கண்ணால் துணையின் முகத்தை ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள்.'

ஏன் ஒரு கண்? தெரியாது. எழுதும்போது ஆழமாகத் தோன்றியது.

2.

தொடக்கம் ஒன்று: அந்த மாலையில் இரு உள்ளங்கள்...

(அடித்துவிட்டேன். அந்த மாலையில் இருந்தவை இரண்டு மர நாற்காலிகளும் கொடியில் காயாத துணிகளும்தான்.)

தொடக்கம் இரண்டு: என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகர். வருகிறவர்களை எல்லாம் ஒரு கண்ணை மூடச் சொல்லி எழுத்துப் படிக்கவைப்பது பத்தொன்பது வருடமாக அவர் வேலை. என் பயிற்சிகளுக்கெல்லாம் அவர்தான் பலியாடு. ஏழாவதைக் கேட்டதும் சிரித்தார்.

"கடையில பண்றதையே வீட்லயும் பண்ணச் சொல்றியா?" என்றபடி வலது கண்ணை மூடினார்.

இரண்டாவது நிமிடத்தில் சிரிப்பு நின்றது. தலையை லேசாக இடப்பக்கம் திருப்பினார், பிறகு வலப்பக்கம். என்னை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பச் சொன்னார். தலை வலிக்கிறது, போதும் என்று கையை எடுத்துவிட்டு எழுந்து போனார். கண்ணை மாற்றவே இல்லை.

3.

அவர் என்னிடம் எதையோ பார்த்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கண்ணைப் பரிசோதிக்கும்போதே, முதலில் போய்ச் சர்க்கரை இருக்கிறதா பாருங்கள் என்று எத்தனையோ பேரை அனுப்பிவைத்த மனிதர். மறுநாளிலிருந்து அவரே டீ போட்டார். நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை. எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று முடிவே கட்டிவிட்டேன்.

அதனால் இந்தக் கதையின் முதல் வரைவில் கணவனுக்கு இன்னொருத்தியை வைத்தேன். மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூசும் குற்றவாளி. அது சுலபம். துரோகம் என்றால் கத்தலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம். வியாதியோடு எப்படிச் சண்டை போடுவது? அவனுக்குச் சட்டைக் காலரில் உதட்டுச் சாயம்கூடப் பூசிப் பார்த்தேன். உயிர் வரவில்லை. அந்த நேரத்தில் நிஜக் கணவர் டம்ளரில் டீ ஊற்றும்போது மேசையில் சிந்தினார். துடைத்தார். மறுபடி சிந்தினார். நான் பார்த்தேன். எழுதவில்லை.

4.

மூன்றாம் நாள் மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். எனக்கு என்ன வியாதி, எதுவாக இருந்தாலும் மறைக்க வேண்டாம் என்றேன். அவர் மடித்த சட்டையை மறுபடி பிரித்தார்.

"உனக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்."

"என்னங்க சொல்றீங்க?"

"அன்னைக்கு உன் முகம் தெரியல. காது தெரிஞ்சுது, முடி தெரிஞ்சுது. நடுவுல ஒண்ணுமே இல்ல."

இடது கண்ணின் நடுப்பார்வை எப்போது போனதென்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடுமாம். ஊரார் கண்ணையெல்லாம் மூடவைத்தவர் தன் கண்ணை மூடிப் பார்த்ததில்லை. நாளைக் காலை பெரிய டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறார்.

"வலது கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

அவர் அந்தச் சட்டையை மறுபடி மடித்தார். இந்த மூன்று நாளில் இடது கண்ணை மூடி வலதை மட்டும் அவர் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

5.

கைவசம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

(அ) வலது கண்ணுக்கு நான் முழுசாகத் தெரிகிறேன். அவர் கடைக்குப் போகிறார். நான் எட்டாம் பயிற்சியை எழுதுகிறேன்.

(ஆ) வலது கண்ணுக்கும்

இதற்குமேல் கை ஓடவில்லை. ஏழாவதை விளையாட்டாக எழுதினேன், அது இவ்வளவு தூரம் வந்துவிட்டது. இதையும் எழுதினால் பலித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எழுதுகிறவளுக்கு இந்த மூடநம்பிக்கை ஆகாதுதான். ஆனாலும் பயமாக இருக்கிறது.

நாற்காலிகளை அவரே எதிரெதிரே போட்டுவிட்டார். டாக்டர் வாயால் கேட்பதற்கு முன் உன்னை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார்.

"எனக்குக் கை வரல. நீ மூடு."

மூடியிருக்கிறேன். (இதை எழுதுவது எந்தக் கை என்று கேட்காதீர்கள்.) அவருடைய இடது இமை என் உள்ளங்கையில் படபடக்கிறது. வலது கண் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அல்லது என் பக்கம் திரும்பியிருக்கிறது. தெரிகிறதா என்று இப்போது நான் கேட்க வேண்டும்.

நீங்கள் கேளுங்கள். என்னால் முடியவில்லை.