சும்மா உக்காருக்கா

துணிக்கடை அக்காவின் வலது கைக்கு அவள் தம்பி போட்ட விலை ஒரு மெத்தை நாற்காலி. மார்பில் வந்த புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை முடிந்து, மருந்து ஏற்றிக்கொண்டிருந்தவளை அதில் உட்கார்த்திவிட்டு, கல்லாவையும் அலமாரியையும் அவனே பார்த்துக்கொண்டான்.

"கையத் தூக்கிப் பழகலன்னா தோள் இறுகிடும்னு அந்த பிசியோதெரபி பொண்ணு உன் முன்னாடிதானேடா சொல்லுச்சு?"

"அவங்க ஆயிரம் சொல்வாங்க. சும்மா உக்காருக்கா."

இதைக் கேட்டுக் கேட்டு அக்காவுக்குக் காது புளித்துவிட்டது. நடைப்பயிற்சி தொடங்கிய முதல் நாள் தெருமுனைவரை நடந்துவிட்டு வந்து படுத்தவள்தான், அரைநாள் எழவில்லை. உடற்பயிற்சி செய்தால் தெம்பு வரும் என்றார்களே, இருந்த தெம்பும் போயிற்றே என்று அவளுக்கே ஆத்திரம். "வேண்டாம்னு சொன்னேன்ல?" என்றார் அவள் கணவர். ஆனால் அன்று மாலை அவளுக்குப் பசித்தது. வாரக்கணக்கில் எட்டிப் பார்க்காத பசி. அதை ஒருவரும் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்று திரைச்சீலைத் துணி கேட்டு ஓர் அம்மா வந்தார். அக்கா வழக்கம்போல் ஏற்றித்தான் விலை சொன்னாள். முடி கொட்டிய தலையில் அவள் கட்டியிருந்த துணியை அந்த அம்மா பார்த்தார். உடனே பர்ஸைத் திறந்தார்.

"சொன்ன விலையே தர்றேம்மா. உங்ககிட்டப் போய் பேரம் பேசுவேனா?"

அக்காவுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. "ஏன், நான் செத்தா போயிட்டேன்? பேசுங்க. பேசலன்னா துணி கிடையாது!"

அந்த அம்மா திகைத்தார். பிறகு, "அப்ப பாதி விலைக்குக் குடுங்க" என்றார்.

"பாதிக்கா? பாதி ஜன்னலை மூடிக்கிறீங்களா?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பேரமும் சூடுபிடித்துவிட்டது. "வாய்க்குக் கொறச்சல் இல்ல! மொதல்ல அந்த மேல் தட்டு நீலத்தைக் காட்டுங்க."

தம்பி பாய்ந்து வந்தான். "நில்லுடா அங்கயே!" என்று அக்கா எழுந்தாள்.

வலது கையைத் தூக்கினாள். தோள்வரை வந்த கை, தைத்துவிட்டதுபோல் நின்றது. விரல்களை அலமாரி மரத்தில் ஊன்றி, பல்லைக் கடித்து, தம்பியையும் நோயையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டே ஏற்றினாள். கண்ணில் நீர் முட்டியது. மூன்றாம் தட்டில் விரலில் சிக்கிய துணிச்சுருளை இழுத்து மேசையில் போட்டாள்.

"இது சிவப்பாச்சே?" என்றார் அந்த அம்மா.

"நீலம் அதுக்கும் மேல. அடுத்த வாரம் வாங்க, எடுத்துத் தர்றேன். இன்னிக்கு இதுக்கு வெல பேசுங்க."

"வலிக்குதாக்கா?" என்றான் தம்பி.

"வலிக்காம? கணக்கு வச்சுக்க: மூணாம் தட்டு வரவு. நாலாம் தட்டு பாக்கி."