ஞாயிற்றுக்கிழமைச் சோறு

லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று, இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தபோது, வீட்டில் தங்கி வேலை தேடும் மச்சினனிடமிருந்து போன் வந்தது. சும்மா கூப்பிடுகிறவன் இல்லை என்பதால் மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எடுத்தான்.

"மாமா, திட்டாதீங்க. நேத்து ராத்திரி சட்டை தேய்க்க ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்ப மாட்ட மறந்தே போச்சு. இப்பதான் இன்டர்வியூ முடிஞ்சு வந்து பாக்குறேன், தரையெல்லாம் தண்ணி."

"டேய், காலையில அதுலேர்ந்துதான்டா பிள்ளைங்களுக்கு எடுத்துக் கட்டிக் குடுத்தேன்."



மெக்கானிக் காலையில் நடந்ததை நினைத்துப் பார்த்தான். காலையில் டப்பாவை எடுக்கும்போதே கைக்கு மெத்தென்று இருந்தது. தினமும் கல்லாக இருப்பது இன்று இளகியிருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியதும் உண்மை. ஆனால் தூக்கக் கலக்கத்தில், சீக்கிரம் சூடாகிவிடும், நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தான். முகர்ந்துகூடப் பார்த்தான், வாசனையில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் வெயில் காலம். கோழியும் கேரட்டும் பீன்ஸும் போட்ட சோறு, ராத்திரி முழுக்க ஐஸ் இல்லாமல் கிடந்திருக்கிறது. அதைச் சுட வைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

மனைவி நர்ஸ். ஷிப்டு இன்றைக்குப் பகல், நாளைக்கு ராத்திரி என்று மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு அவன் பொறுப்பு. முன்பெல்லாம் அவசரத்துக்கு ஏதாவது பாக்கெட்டைப் பையில் போட்டு அனுப்புவான். சின்னவனுக்கு அடிக்கடி வயிறு கட்டிக்கொண்டதும் அந்தப் பழக்கத்தை விட்டான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியில் நின்று, வாரத்துக்கு வேண்டியதைச் சமைத்து, ஆறவைத்து, டப்பா டப்பாவாக உறையவைத்துவிடுவான். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். "சமையக்காரரே, நாளைக்கு என்ன மெனு?" அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமையெல்லாம் இப்போது எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது. பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தான், யாரும் எடுக்கவில்லை. மறுபடி செய்தான், லைன் பிஸியாக இருந்தது. மனைவியின் போன் வார்டுக்கு வெளியே அலமாரியில் பூட்டிக் கிடக்கும். நேரே பள்ளிக்கூடத்துக்கே ஓட வேண்டியதுதான். ஆனாலும் கூண்டை அப்படியே அந்தரத்தில் விட்டுப் போக முடியாது. மெதுவாகத் தரைத்தளத்துக்கு இறக்கி, மின்சாரத்தை நிறுத்தி, கதவில் 'வேலை நடக்கிறது' பலகையை மாட்டினான்.

மேல்மாடிப் பெரியவர் படியில் நின்று கேட்டார். "ஆச்சா? ஏறலாமா?"

"இன்னும் இல்லை ஐயா. தயவுசெஞ்சு படியில போங்க."

"படியில போறதுக்கு நீ எதுக்குப்பா?"

பதில் சொல்ல நேரமில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பினான். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் முள்ளின்மேல் நிற்பது போல இருந்தது. சின்னவன் பசி பொறுக்க மாட்டான். மணி அடிப்பதற்கு முன்பே திறந்திருந்தால்?

பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு இருந்த அம்மா அவனுடைய எண்ணெய்ச் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். "ரிப்பேர் வேலைன்னா பின்பக்கம் போங்க."

"நான் அப்பாம்மா! சாப்பாடு கெட்டுப்போச்சு, பிள்ளைங்க தின்னுடக் கூடாது."

அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் வேறெதுவும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது.

சின்னவன் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, பக்கத்துப் பையனிடம் பல்லி வாலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். ஸ்பூன் சோற்றில் குத்தி நின்றது.

"வாயில வச்சியா?"

"இல்லப்பா. நீங்க எப்படி இங்க?"

டப்பாவைப் பிடுங்கி மூடினான். பாதி உயிர் திரும்பி வந்தது. மீதி உயிர் மாடியில் இருந்தது; பெரிய வகுப்புகளுக்குச் சாப்பாட்டு நேரம் கொஞ்சம் முன்பே தொடங்கிவிடும். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

பெரியவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் தின்றுகொண்டிருந்தாள். எதிரே இருந்தது அவன் இதுவரை பார்த்திராத நீல டப்பா.

"உன் டப்பா எங்கம்மா?"

அவள் மென்றதை விழுங்க முடியாமல் விழித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பொடிப்பெண்ணின் கையில் அவனுடைய டப்பா இருந்தது. உருவத்தில் சின்னவள் என்பதால் வகுப்பே அவளைக் 'கடுகு' என்றுதான் கூப்பிடும். டப்பாவில் ஒரு பருக்கை மிச்சமில்லை. கடுகு ஸ்பூனை நக்கிக்கொண்டிருந்தாள்.

"நாங்க தினமும் மாத்திக்குவோம்பா," என்றாள் பெரியவள், தலையைக் குனிந்துகொண்டு.

"ஏன்?"

"உங்க சமையல் நல்லாத்தான் இருக்கு. ஆனா புதன்கிழமை சாப்பிட்டாலும் ஞாயித்துக்கிழமை மாதிரியே இருக்கு."

வேறு நாளாக இருந்திருந்தால் அந்தச் சொல் நெஞ்சில் தைத்திருக்கும். இன்று அதற்குக்கூட நேரமில்லை. அவன் கடுகின் முன்னால் குந்தினான். "சோறு எப்படிம்மா இருந்துச்சு? புளிச்சுதா? வழுவழுன்னு இருந்துச்சா?"

"சூப்பரா இருந்துச்சு அங்கிள். இன்னும் இருக்கா?"

கடுகின் அம்மா மருந்துக்கடையில் வேலை செய்வதாக வகுப்பு டீச்சர் சொன்னார். போனில் சொல்லும் விஷயமாக அவனுக்குத் தோன்றவில்லை. சின்னவனுக்கு வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்துவிட்டு நேரே கடைக்குப் போனான். வரிசை நகர்வேனா என்றது. முன்னால் நின்றவர் ஒரு இருமல் மருந்துக்கு ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டிருந்தார். அவன் கால் மாற்றி நின்றான்.

"சீட்டு குடுங்க," என்று நிமிராமலே கையை நீட்டினாள் கடுகின் அம்மா.

"மருந்துக்கு வரலைங்க." சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

முதலில் அவளுக்குக் கெட்டுப்போன சோறு காதிலேயே ஏறவில்லை. "அப்ப நான் விடியறதுக்குள்ள எந்திரிச்சு வேகவைக்கிற முட்டையைத் தினமும் உங்க பொண்ணா சாப்பிடுது?"

"எனக்கே இப்பதாங்க தெரியும்."

அப்புறம்தான் மற்றது உறைத்தது. அவள் முகம் மாறியது. என்னென்ன போட்டது, எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது, எப்படிச் சூடாக்கியது என்று அடுக்கிக் கேட்டாள். அவன் இளகியிருந்த டப்பாவைப் பற்றியும் மறைக்காமல் சொன்னான்.

"தெரிஞ்சுமா குடுத்தீங்க?"

"தெரியலைங்க. தெரிஞ்சுக்க வேண்டிய நேரத்துல யோசிக்கலை."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இப்ப மருந்துன்னு எதுவும் குடுக்கக் கூடாது. தண்ணி குடிக்கணும். வாந்தி கீந்தி வந்தா சாயங்காலத்துக்குள்ள தெரியும். பாத்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்." கவுன்டருக்குப் பின்னால் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, மகளை அழைத்துவரக் கிளம்பிவிட்டாள். அவன் போன் நம்பரைக் குறித்துக்கொண்டவள், போகும்போது அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்துக்கொண்டே இருப்பதைவிடப் பெரிய வேலை உலகத்தில் இல்லை என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. பார்ப்பதற்குப் பிள்ளைகூட அவன் கண்முன்னால் இல்லை. திரும்பிப் போய் லிஃப்டை முடித்தான். இறுக்கிய திருகாணியையே மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தான். மேல்மாடிப் பெரியவர் ஏறிப் போனபோது நன்றி சொன்னார். அது காதில் விழுந்ததே தவிர மனதில் விழவில்லை.

வீட்டில் மச்சினன் ஃப்ரீசரைக் காலி செய்து, துடைத்து, ஓரமாக நின்றிருந்தான். திட்டுவதற்கு வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்த மெக்கானிக், அவன் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கி வாளியில் போட்டான். வேலையிலிருந்து திரும்பிய மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மறைச்சிருந்தான்னா நமக்குத் தெரிஞ்சிருக்குமா? சொன்னானே, அதைப் பாரு," என்றாள். அவள் சொல்லி முடிக்கும்போதே போன் அடித்தது. கடுகின் அம்மா.

"ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டா. கிளினிக்குக்குத்தான் போயிட்டிருக்கேன்."

மச்சினனை வீட்டில் விட்டுவிட்டு, பிள்ளைகளோடு நான்கு பேருமாக ஓடினார்கள். கிளினிக் பெஞ்சில் கடுகு அம்மாவின் மடியில் சுருண்டு கிடந்தாள். மத்தியானம் ஸ்பூனை நக்கிய பிள்ளை இதுதானா என்றிருந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டாள், நாக்கைப் பார்த்தாள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினாள். மெக்கானிக் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. டாக்டர் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

பெரியவள் பொசுக்கென்று அழுதுவிட்டாள். "நான் சாப்பிட்டிருக்க வேண்டியதுப்பா. நான் பிடிக்கலைன்னு அவகிட்ட குடுத்துட்டேன்."

"யாரும் சாப்பிட்டிருக்க வேண்டியது இல்லம்மா. கட்டினது நான்." அவன் நடப்பதை நிறுத்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "ஆனா பிடிக்கலைன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஞாயித்துக்கிழமை பூரா நின்னு செய்றீங்க. எப்படிச் சொல்றது?"

டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, வெளியேற வேண்டியது வெளியேறிவிட்டது, தண்ணீரை மட்டும் விடாமல் கொடுங்கள் என்றார். கடுகின் அம்மா அப்போதுதான் முதுகைச் சுவரில் சாய்த்தாள்.

"மத்தியானமே வந்து சொன்னீங்க. அதனாலதான் முதல் வாந்தியிலேயே கிளம்பினேன். இல்லன்னா வெயில்னு நினைச்சிருப்பேன்," என்றாள். கோபம் தீர்ந்திருக்கவில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, மகளின் தலையைக் கோதியபடி, "தினமும் அதே முட்டை, அதே ரொட்டி. இவளும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க," என்றாள்.

மறுநாள் கடுகு எழுந்து உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் அடுப்பின் முன்னால் வெகுநேரம் சும்மா நின்றான். பிறகு பெரியவளைக் கூப்பிட்டு, என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று கேட்டான். கேட்டிருக்கவே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்குச் சொன்னாள். இரண்டு நாளுக்கு மட்டும் சமைப்பது, மற்ற நாளுக்குக் காயை நறுக்கி வைத்துக்கொண்டு காலையில் இருவருமாகச் செய்வது என்று முடிவானது. மச்சினன் தானாகவே வெங்காயம் உரிக்க உட்கார்ந்தான்.

அடுப்பில் சோறு கொதிக்கும்போது மெக்கானிக் கடுகின் வீட்டுக்குப் போன் செய்தான். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான். பிறகு தயங்கித் தயங்கி, "நாளைக்குப் பாப்பாவுக்கும் ஒரு டப்பா அனுப்பட்டுமாங்க? காலையில செஞ்சு, சுடச்சுட," என்றான்.



"இந்த வாரம் வேணாங்க. அடுத்த வாரம் பாக்கலாம்," என்றாள் கடுகின் அம்மா.

"சரிங்க."

காய் நறுக்கிக்கொண்டிருந்த பெரியவள் கத்தியை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். "அப்படின்னா வேணாம்னு அர்த்தமாப்பா?"

"இல்லம்மா. அடுத்த வாரம்னா அடுத்த வாரம்தான்," என்று அவன் கேரட்டை எடுத்துத் தோலைச் சீவ ஆரம்பித்தான்.