சாப்பிட்டீங்களா என்று கேட்ட தராசு

தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தராசு பேச ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை. வாயால் பேசவில்லை. கொழுந்து நிறுக்கும் ஒவ்வொரு மின்தராசோடும் ஒரு டெப்பை, கையகலத் திரைக் கணினியை, இணைத்து வைத்திருந்தார்கள். அதில் ஆளின் பெயர் வரும், கிலோ வரும். அன்றைக்குக் கீழே பச்சை எழுத்தில் இன்னொரு வரியும் வந்தது: 'சாப்பிட்டீங்களா?'

பெண்கள் பதில் சொன்னார்கள். "ஆச்சு, ரொட்டியும் சம்பலும்" என்றார்கள் சிலர். "எங்க நேரம்" என்றார்கள் சிலர். இதைப் பிழை என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. அந்தத் தோட்டத்தில் அதுவரை எந்த மிசினும் எந்த அதிகாரியும் அப்படிக் கேட்டதில்லை. அபூர்வமாகக் கேட்கிற ஒன்றைப் போய் யார் காட்டிக்கொடுப்பார்கள்?

ஆகவே முதல் புகார் வர இரண்டு நாள் பிடித்தது. டெப்பில் ஓடும் செயலியை எழுதியவள் தனுஜா. அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இரத்தினபுரியில் கம்பியூட்டர் படித்தவள். அவள் முன்னால் கூடையைக்கூட இறக்காமல், கொழுந்து பறிக்கும் தங்கம்மா வந்து நின்றாள்.

"ஏன் புள்ள, ஒன் மிசினுக்கு ஆள் பாத்துத்தான் பேச்சு வருமோ?"

"என்னக்கா ஆச்சு?"

"கீழ்மலையில எல்லார்கிட்டயும் சாப்பிட்டீங்களான்னு கேக்குதாம். மேல்மலையில எங்ககிட்ட ஒரு வார்த்த இல்ல. நாங்க பட்டினி கெடந்தா பரவாயில்லியா?"

தனுஜா அப்படி ஒரு வரியை எழுதவே இல்லை.

நியாயமாக அவள் பயந்திருக்க வேண்டும். முதலில் வந்ததென்னவோ ஆர்வம்தான். கீழ்மலை டெப் கேட்கிறது, மேல்மலை டெப் கேட்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்று: மேல்மலையில் சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவள் அனுப்பிய அப்டேட் அங்கே போய்ச் சேரவில்லை. அப்படியென்றால் அந்த வரி அப்டேட்டோடுதான் வந்திருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் புதிதாக எதையும் எழுதவில்லையே? மற்றவர்களிடம் இரவல் வாங்கிய நிரல் துண்டுகளைப் புதுப்பித்ததோடு சரி.

பயம் அதன்பிறகு வந்தது, காரணத்தோடு. மின்தராசும் டெப்பும் வந்திருப்பது பரீட்சார்த்தமாகத்தான். அதற்கு முன்பு தொங்கியது கொக்கித் தராசு. கணக்கப்பிள்ளை வேலுசாமி கூடைக்கு ஒரு கிலோ கழிப்பார், ஈரத்துக்கு ஒரு கிலோ கழிப்பார், சில நாட்களில் தன் மனநிலைக்கும் கொஞ்சம் கழிப்பார். இப்போது பறித்தது பறித்தபடி ஏறுகிறது. பழுது என்று வெளியே தெரிந்தால் கொக்கி திரும்பி வந்துவிடும்.

தனுஜா இரவல் துண்டுகளைத் திறந்தாள். கிலோவைத் தமிழில் எழுதிக் காட்ட ஒரு துண்டை எடுத்திருந்தாள். யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்தது. அந்த மனிதருக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது. 'நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணா' என்று உதவிக்கு வந்த ஒரு புதியவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்தார். புதியவர் சேர்த்தது இரண்டே வரி. முதல் வரி நலம் விசாரித்தது. இரண்டாவது வரி ஒவ்வொரு முறையும் தெரியாத ஒரு முகவரிக்குப் போய், 'ஏதாவது வேலை இருக்கிறதா?' என்று கேட்டது. சொன்னதைச் செய்யத் தயாராக, காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்கு வந்து நிற்கிற ஆள் மாதிரி நின்றது. இதுவரை வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை.

"கெட்டவன் எதுக்கு சாப்பிட்டீங்களான்னு கேக்கப்போறான்?" என்றாள் தங்கம்மா.

"தான் எழுதுனது எங்கெங்க போய்ச் சேருதுன்னு பாக்குறான்க்கா. கெட்ட வார்த்த எழுதியிருந்தா அன்னைக்கே சத்தம் போட்டிருப்பீங்க. இதுக்கு யாரு போடுவா?"

தங்கம்மா யோசித்தாள். "நான் போட்டேனே."

"கேக்கலன்னுதானே போட்டீங்க."

சொல்லாமல் அந்த இரண்டு வரிகளையும் அழித்துவிடலாம். ஆனால் இன்னும் எத்தனை பேர் உள்ளே நிற்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? தனுஜா தோட்டத்து உதவி மேலாளரான சின்னதொரையிடம் போனாள். அவர் சிங்களவர், தமிழ் நன்றாக வரும்; 'சரி' மட்டும் சிங்களத்தில் 'ஹரி' என்று வரும்.

"ஹரி, கிலோ மாறிச்சா?"

"இதுவர இல்லீங்க சேர். தராசோட சொந்த டிஸ்பிளேயையும் டெப்பையும் ஒத்துப் பாத்துட்டேன்."

"அப்ப இருக்கட்டுமே. நல்லாத்தானே கேக்குது. கொழும்புல இருந்து வாறவங்களுக்கும் காட்டலாம்."

"சேர், சாப்பிட்டீங்களான்னு எழுதுறவனுக்கு இருபது கிலோவப் பதினெட்டுன்னு எழுதத் தெரியாதுங்களா?"

சின்னதொரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுல மத்தவங்க எழுதினது எவ்வளவு?"

"நானூறு சொச்சம் துண்டுங்க."

"நீ எழுதினது?"

"ஒன்னுங்க."

"அந்த நானூறு பேர்ல யாரையாவது தெரியுமா?"

"இல்லீங்க."

"லயத்துல வெளியாள் ஒருத்தன் ராத்தங்கணும்னா ஆபீஸ்ல சொல்லணும். நீ நானூறு பேரக் குடிவெச்சிருக்க." அவர் பேனாவை மூடினார். "எல்லாத்தையும் படிச்சு முடி. அதுவரைக்கும் பழைய தராசு."

மின்தராசை டெப் இல்லாமல் தனியே வைத்து நிறுக்கலாமே என்று தனுஜா கெஞ்சினாள். வந்தால் இரண்டும் ஒன்றாக வரட்டும் என்றுவிட்டார் அவர். மறுநாள் காலைக்குள் வேலுசாமி கொக்கிக்கு எண்ணெய் போட்டு முடித்திருந்தார். அவ்வளவு சுறுசுறுப்பாக அவரை யாரும் பார்த்ததில்லை.

"நீ வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றாள் தங்கம்மா, அன்று முதல் கூடையை நிறுத்துவிட்டு வந்து. "ரெண்டு கிலோ போச்சு."

"டெப்புல போயிருந்தா போனதே தெரிஞ்சிருக்காதுக்கா."

"இப்ப தெரிஞ்சு என்ன பண்ண?" தங்கம்மா அவளுடைய திரையை எட்டிப் பார்த்தாள். "சரி, சீக்கிரம் படி. எத்தன முடிச்ச?"

"ரெண்டு."

தங்கம்மா காலிக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பினாள்.

மூன்றாவது துண்டைத் திறந்தாள் தனுஜா. எந்த நாட்டுக்காரரோ, எப்போதோ எழுதியது. தலைப்பிலேயே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'இது ஏன் வேலை செய்கிறதென்று எனக்கே தெரியாது. தயவுசெய்து தொடாதீர்கள்.'

வெளியே வேலுசாமி ஈரத்துக்கு ஒன்று கழித்துக்கொண்டிருந்தார். தனுஜா நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த ஆளுக்கே தெரியாததை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.